சமூக ஊடக உரையாடல்களுக்குள் விளம்பரம்: பிறர் பேசிக்கொண்டிருக்கும் இடத்தில் ஒரு சிறு நிறுவனம் எப்படிப் பேசுவது?

கேள்வி: செக்கடி வீடு, காங்கேயம்

அனைவருக்கும் வணக்கம்.

காங்கேயம் பக்கத்தில் மரச்செக்கு வைத்து எண்ணெய் ஆட்டி விற்கும் குடும்பம் எங்களுடையது. தேங்காய் எண்ணெய், கடலை எண்ணெய், கருப்பட்டி சேர்த்து ஆட்டிய நல்லெண்ணெய் ஆகிய மூன்று மட்டுமே எங்கள் சரக்கு. செக்கடிக்கே வந்து வாங்கிப்போகிறவர்கள் ஒரு பங்கு, சென்னைக்கும் பெங்களூருக்கும் பார்சலில் அனுப்புவது மறு பங்கு என்று தொழில் நடக்கிறது. பார்சல் வியாபாரத்தை வளர்க்க வேண்டும் என்பதற்காக இன்ஸ்டாகிராமிலும் ஃபேஸ்புக்கிலும் பணம் கட்டி விளம்பரம் போட்டுவருகிறோம். பார்த்தவர்கள் எண்ணிக்கை நன்றாகவே காட்டுகிறது. ஆனால் பார்த்துவிட்டு விசாரித்து வாங்குகிறவர்கள் மிகக் குறைவு.

சமையல் குழுக்களிலும், ரெடிட்டில் தமிழ்நாடு பற்றிப் பேசும் இடங்களிலும், எக்ஸ் தளத்திலும் எண்ணெயைப் பற்றி நாள்தோறும் யாராவது கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். செக்கு எண்ணெயில் வடை சுட்டால் ஏன் பொங்கி நுரைக்கிறது, கடையில் விற்கும் ரீஃபைண்ட் எண்ணெயைவிட ஏன் இவ்வளவு விலை, அடியில் தங்கும் மண்டி கெடுதலா, கலப்படத்தை வீட்டிலேயே கண்டுபிடிக்க வழி உண்டா என்று கேட்கிறார்கள். இவற்றுக்கெல்லாம் எங்கள் அப்பா தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பதில் சொல்வார். ஆனால் அங்கே பதில் எழுதுகிறவர்களில் பலருக்குச் செக்கையே தெரியாது என்பது படித்தாலே புரிகிறது.

அந்த உரையாடல்களுக்குள் நாங்கள் போக வேண்டும் என்று நினைக்கிறோம். எப்படிப் போவது என்பதில்தான் வீட்டுக்குள் கருத்து வேறுபாடு. விளம்பர நிறுவனம் ஒன்று எங்களிடம் வந்து, மாதத்துக்கு ஒரு தொகை கொடுத்தால் வெவ்வேறு கணக்குகளிலிருந்து, வாடிக்கையாளர்களே எழுதுவதுபோல, எங்கள் எண்ணெயைப் புகழ்ந்து பின்னூட்டம் போட்டுத் தருவதாகச் சொன்னது. எல்லோரும் செய்வதுதானே என்கிறார் என் அண்ணன். வாங்காதவர் வாங்கியதாகச் சொல்வது பொய்தானே என்கிறார் அப்பா. எனக்கும் அப்பா சொல்வதுதான் சரியென்று படுகிறது. ஆனால் வேண்டாம் என்று மட்டும் சொல்லி நிறுத்த முடியாது. மாற்று வழி ஒன்றை நான் காட்டியாக வேண்டும்.

விற்பனை செய்கிறவர் என்று தெரிந்தாலே மக்கள் முகம் சுளிக்கும் இடத்தில், அதை மறைக்காமலும் தொந்தரவாக இல்லாமலும் பேச முடியுமா? பெரிய பிராண்டுகள் இதை எப்படிச் செய்கின்றன, அவற்றில் எங்களைப் போன்ற சிறியவர்களுக்குப் பொருந்துவது எது? அனுபவமுள்ளவர்கள் விரிவாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.


பதில் 1: விளம்பர எழுத்தாளர், சென்னை

வணக்கம். உங்கள் அப்பா சொல்வதுதான் சரி. நீதி நியாயத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு, பலன் தருமா என்று மட்டும் பார்த்தாலும் அவர் சொல்வதே சரி. குழுக்களில் பேசுகிறவர்கள் ஒருவரை ஒருவர் கவனித்துக்கொண்டே இருப்பவர்கள். ஒரு பொருளைப் புகழ்ந்து எழுதியவரின் கணக்குக்குள் போய், அவர் வேறு எதைப் பற்றியாவது எப்போதாவது பேசியிருக்கிறாரா என்று பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது. பொய்க் கணக்கு ஒன்று பிடிபட்டால், அதற்கு முன் உங்களை உண்மையிலேயே பாராட்டி எழுதிய வாடிக்கையாளர்களையும் சேர்த்துச் சந்தேகப்படுவார்கள். பணம் கொடுத்துச் சொந்தப் பெயரைக் கெடுத்துக்கொள்ளும் வேலை அது.

உரையாடலுக்குள் விளம்பரம் என்று சொல்லும்போது மூன்று வேறு வேறு காரியங்களைக் கலந்து பேசுகிறோம். முதலாவது, தளத்துக்குப் பணம் கட்டி, மக்கள் பேசும் இடத்திலேயே விளம்பரத்துக்கு இடம் வாங்குவது. ரெடிட்டில் ஒருவர் போட்ட பதிவுக்கும் அதன் கீழ் வரும் முதல் பின்னூட்டத்துக்கும் நடுவில் விளம்பரம் வைக்க முடியும். அப்போது ட்விட்டர் என்ற பெயரில் இருந்த எக்ஸ் தளமும் 2021 அக்டோபரில் பதில்களுக்கு இடையே விளம்பரம் காட்டிச் சோதித்துப் பார்த்தது. இரண்டாவது, பிராண்ட் தன் சொந்தப் பெயரில் வந்து தானே பேசுவது. மூன்றாவது, சமூக ஊடகத்தில் பலர் பின்தொடரும் ஒரு இன்ஃப்ளூயன்சருக்குப் பணமோ பொருளோ கொடுத்துப் பேச வைப்பது. உங்களிடம் பணத்தைவிட அறிவு அதிகமாக இருக்கிறது. ஆகவே உங்களுக்கு உரியது இரண்டாவது வழி. அதில் ஓரளவு கால் ஊன்றியபின், நன்றாக வரவேற்கப்பட்ட பதில் ஒன்றையே எடுத்து முதல் வழியில் கொஞ்சம் பணம் போட்டுப் பரப்பலாம்.

பெரிய பிராண்டுகளைப் பற்றிக் கேட்டீர்கள். இத்துறையில் எல்லோரும் மேற்கோள் காட்டுவது ஓரியோ பிஸ்கட்டின் கதை. 2013 பிப்ரவரி 3 அன்று அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் சூப்பர் பவுல் என்ற அமெரிக்கக் கால்பந்து இறுதியாட்டம் நடந்துகொண்டிருந்தபோது மின்சாரம் போய், ஏறத்தாழ 34 நிமிடம் ஆட்டம் நின்றது. வேலை இல்லாமல் உட்கார்ந்திருந்த மக்கள் அனைவரும் ட்விட்டரில் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்த அந்த இடைவேளையில், இருட்டிலும் பிஸ்கட்டைப் பாலில் தோய்க்கலாம் என்ற பொருளில் ஒரு வரியும் ஒரு படமும் ஓரியோவிடமிருந்து வந்தன. ஆட்டத்துக்கு நடுவே சில நொடி விளம்பரத்துக்குக் கோடிக்கணக்கில் கொட்டிக்கொடுத்த நிறுவனங்களைவிட அந்த ஒரு வரி அதிகமாகப் பேசப்பட்டது. அந்த வரியின் சாமர்த்தியத்தை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அதன் பின்னால் இருந்த ஏற்பாடு பலருக்குத் தெரியாது. எழுதுபவர், படம் வரைபவர், ஒப்புதல் தரும் அதிகாரம் உள்ள பிராண்ட் அதிகாரிகள் ஆகியோர் ஆட்டம் தொடங்கும் முன்பே ஒன்றாகத் தயாராக இருந்தார்கள். அதனால்தான் சில நிமிடங்களில் அது வெளியே போக முடிந்தது. அதைவிட முக்கியமானது, பாலில் தோய்த்துத் தின்பது அந்தப் பிஸ்கட்டோடு பிறந்த பழக்கம். ஓரியோ தன்னுடையதல்லாத எதையும் சொல்லவில்லை.

இதற்கு நேர் எதிரான நிகழ்ச்சி 2014 செப்டம்பரில் நடந்தது. கணவரிடம் அடிபட்டும் ஏன் உடனே வெளியேற முடியவில்லை என்பதை அமெரிக்கப் பெண்கள் ஒரு ஹேஷ்டேக்கின்கீழ் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அது என்னவென்று படிக்காமலேயே டிஜியோர்னோ என்ற பீட்சா நிறுவனம், பீட்சா இருந்ததால்தான் போகவில்லை என்று அதே ஹேஷ்டேக்கில் ஒரு நகைச்சுவையைப் போட்டது. உடனே அழித்துவிட்டு, கண்டித்தவர்களுக்குத் தனித்தனியே மன்னிப்பும் கேட்டது. ஆனாலும் இன்றுவரை அந்த நிறுவனத்தின் பெயர் இந்தப் பாடத்தோடு சேர்த்தே சொல்லப்படுகிறது. 2012 ஜனவரியில் மெக்டொனால்ட்ஸ் வேறு விதமாக அகப்பட்டுக்கொண்டது. வாடிக்கையாளர்கள் தங்கள் இனிய நினைவுகளைச் சொல்லட்டும் என்று பணம் கட்டி ஒரு ஹேஷ்டேக்கை மேலே ஏற்றியது. மக்கள் அதில் தங்களுக்கு நேர்ந்த கசப்பான அனுபவங்களைக் கொட்டத் தொடங்கியதால் இரண்டு மணி நேரத்துக்குள் அந்த விளம்பரத்தை நிறுத்த வேண்டியதாயிற்று. பிராண்ட் நிறுத்திய பிறகும் மக்கள் நிறுத்தவில்லை.

இந்த மூன்றிலிருந்தும் உங்களுக்குத் தேவையானது நேரத்துக்கு ஏற்ற வேடிக்கை பேசும் திறன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பேச்சு எதைப் பற்றியது என்று முழுவதும் படித்தபின் வாய்திறப்பதும், உங்களுக்கு உரிமையுள்ள விஷயத்தில் மட்டும் பேசுவதும்தான் சிறிய நிறுவனத்துக்கும் அப்படியே பொருந்துகின்றன.

நீங்கள் சொன்ன நுரைக் கேள்வியையே எடுத்துக்கொள்வோம். வழக்கமாக ஒரு விற்பனையாளர் அங்கே போய் எழுதுவது இப்படி இருக்கும்: "எங்கள் எண்ணெய் 100 சதவீதம் சுத்தமானது, நுரைக்காது, ஒருமுறை வாங்கிப் பாருங்கள், ஆர்டருக்கு இந்த எண்ணில் அழைக்கவும்." கேட்டவருக்கு இதில் ஒரு பதிலும் இல்லை, செக்கு எண்ணெய் நுரைக்காது என்பதும் உண்மையில்லை. நான் உங்கள் இடத்தில் இருந்தால் இப்படி எழுதுவேன்:

"வணக்கம். நாங்கள் காங்கேயத்தில் செக்கு வைத்து எண்ணெய் விற்பவர்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம். செக்கு எண்ணெயை வண்டல் தெளியவைத்து வடிகட்டுவதோடு சரி. அதனால் கடலையில் இயல்பாக உள்ள பசைப்பொருளும் சிறிது ஈரமும் எண்ணெயில் தங்கியிருக்கும், சூடேறும்போது நுரையைக் கிளப்புவது அவைதான். ரீஃபைண்ட் எண்ணெயில் அவற்றை ஆலையிலேயே பிரித்தெடுத்துவிடுகிறார்கள். வாணலியைப் பாதிக்கு மேல் நிரப்பாமல், மிதமான தீயில் காயவைத்து, வடையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். மாவில் தண்ணீர் கூடியிருந்தாலும் பொங்கும். ஆனால் பலமுறை சுட்ட பழைய எண்ணெய் நிறம் கறுத்து, பிசுபிசுப்பாகி நுரைத்தால் அதை மறுபடி சமையலுக்குப் பயன்படுத்த வேண்டாம். எங்கள் எண்ணெயாக இருந்தாலும் அப்படித்தான்."

இதில் விலை இல்லை, தொலைபேசி எண் இல்லை, இணைப்பு இல்லை. நீங்கள் யார் என்பது முதல் வரியிலேயே இருக்கிறது. வாங்கவே போகாதவருக்கும் இது பயன்படும். அதே கேள்வியைப் பிறகு தேடி வருகிறவர்கள் கண்ணிலும் இந்தப் பதில் படும். பணம் கட்டிய விளம்பரம் பணம் தீர்ந்த அன்றே மறைந்துவிடுகிறது, இது நிற்கும். உங்கள் எண்ணெய் வேண்டும் என்று நினைப்பவர் உங்கள் பெயரைத் தட்டினால் வந்து சேரும் பக்கத்தில் முகவரி, விலை, உரிம எண், செக்கு ஓடும் காணொளி எல்லாம் ஒழுங்காக இருக்கும்படி பார்த்துக்கொண்டால் போதும்.


பதில் 2: சமையல் குழு நிர்வாகி, மதுரை

ஃபேஸ்புக்கில் பெரியதொரு சமையல் குழுவை நடத்துபவர்களில் நானும் ஒருத்தி. அந்தப் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சொல்கிறேன்.

விற்பவர்களை நாங்கள் வெறுக்கிறோம் என்று நினைக்காதீர்கள். குழுவில் இருப்பவர்களுக்கு எண்ணெயும் வேண்டும், மசாலாப் பொடியும் வேண்டும், நல்ல இரும்புத் தோசைக்கல் எங்கே கிடைக்கும் என்ற தகவலும் வேண்டும். எங்களுக்கு ஒத்துவராதது, பக்கத்து வீட்டுக் கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்திருப்பவர்களிடம் வரிசையாக விசிட்டிங் கார்டை நீட்டிக்கொண்டு போகிற நடத்தைதான். ஒருவர் மாமியார் இறந்த வருத்தத்தில், அவர் கைப்பக்குவத்தில் வைத்த வற்றல்குழம்பைப் பற்றி எழுதுகிறார். அதன் கீழே ஒருவர் வந்து, எங்களிடம் தரமான நல்லெண்ணெய் கிடைக்கும் என்று போடுகிறார். அந்தப் பின்னூட்டத்தை நாங்கள் அழிப்பதற்குள் பத்துப் பேர் அதைக் கண்டித்து எழுதிவிடுகிறார்கள். அந்த வியாபாரி அதன்பின் அந்தக் குழுவில் எதைச் சொன்னாலும் எடுபடாது.

பேசத் தொடங்குவதற்கு முன், நிர்வாகிகளுக்கு ஒரு செய்தி அனுப்புங்கள். நாங்கள் இன்னார், இந்தத் தொழில் செய்கிறோம், எண்ணெய் குறித்த கேள்விகளுக்குப் பதில் சொல்ல விரும்புகிறோம், எங்கள் விலைப்பட்டியலைப் போடமாட்டோம், உங்கள் விதி என்ன என்று கேளுங்கள். இப்படிக் கேட்பவர்கள் மிகச் சிலரே என்பதால் உங்கள் பெயர் எங்களுக்கு நினைவிருக்கும். எண்ணெய் பற்றி யாராவது கேட்கும்போது நாங்களே உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடவும் செய்வோம். சில குழுக்களில் வியாபாரிகள் விளம்பரம் போடுவதற்கென்று வாரத்தில் ஒரு நாளை ஒதுக்கியிருப்பார்கள். விளம்பரத்தை அந்த நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

"விலை எவ்வளவு?" என்று ஒருவர் எல்லோர் முன்னிலையிலும் கேட்டால், எல்லோர் முன்னிலையிலும் சொல்லுங்கள். இன்பாக்ஸ் பாருங்கள் என்று பதில் எழுதுவதைப் போல எரிச்சலூட்டுவது வேறில்லை. ஆளுக்கு ஒரு விலை சொல்கிறார்கள் என்ற சந்தேகத்தை அது உடனே கிளப்பிவிடும். விலை அதிகம் என்று யாராவது குறைப்பட்டால் கோபப்படாமல் கணக்கைச் சொல்லுங்கள். ஒரு லிட்டர் கடலை எண்ணெய்க்கு ஏறத்தாழ இரண்டரைக் கிலோ கடலைப்பருப்பு போகிறது, இன்றைய சந்தையில் பருப்பு கிலோ இந்த விலை, ஆட்டுக்கூலி இவ்வளவு, பாட்டிலுக்கும் பார்சலுக்கும் இவ்வளவு, பிண்ணாக்கு விற்றுத் திரும்ப வருவது இவ்வளவு என்று எழுதுங்கள். எங்கள் குழுவில் ஒரு நாட்டுச்சர்க்கரைக்காரர் இப்படித்தான் கரும்பிலிருந்து கணக்குப் போட்டு எழுதினார். அதுவரை விலையைக் குறை சொன்னவர்களே அந்தக் கணக்கைத் தங்கள் சொந்தக்காரர்களுக்கு அனுப்பினார்கள்.

ரீஃபைண்ட் எண்ணெய் விஷம் என்று எழுதும் பழக்கத்துக்கு மட்டும் நீங்கள் போய்விடாதீர்கள். குழுவில் பாதிப்பேர் வீட்டில் அந்த எண்ணெயில்தான் சமைக்கிறார்கள். ஒரு குடும்பத்தின் வருமானத்துக்கு அதுதான் கட்டுப்படியாகிறது என்றால், அவர்கள் பிள்ளைகளுக்கு விஷம் கொடுக்கிறார்கள் என்று சொல்ல நமக்கு என்ன உரிமை? அவர்கள் தீபாவளிக்கு மட்டும் ஒரு லிட்டர் செக்கு எண்ணெய் வாங்க நினைக்கலாம். அந்த ஒரு லிட்டரை உங்களிடம் வாங்குவதும் விடுவதும் நீங்கள் அவர்களிடம் பேசிய விதத்தைப் பொறுத்தது.


பதில் 3: நுகர்வோர் சட்டம் படித்தவர்

போலிக் கணக்கு பற்றிய சட்ட நிலையை மட்டும் சேர்த்துவிடுகிறேன், ஏனென்றால் "எல்லோரும் செய்வதுதானே" என்ற உங்கள் அண்ணனுக்கு அது தெரிய வேண்டும்.

2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். மறுபடியும் செய்தால் 50 லட்சம் வரை போகலாம். இது தொலைக்காட்சிக்கும் செய்தித்தாளுக்கும் மட்டும் உரிய சட்டம் இல்லை. சமூக ஊடகத்தில் வருவதும் விளம்பரமே. இணையத்தில் நுகர்வோர் மதிப்புரைகளை எப்படித் திரட்டி வெளியிட வேண்டும் என்பதற்கு இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022 நவம்பரில் ஐஎஸ் 19000 என்ற தரத்தையும் வெளியிட்டது. அமெரிக்காவில் போலி மதிப்புரைகளை விற்பதையும் வாங்குவதையும் தடைசெய்யும் விதி 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்துவிட்டது. காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்பது தெளிவு.

இன்ஃப்ளூயன்சர் ஒருவருக்கு நீங்கள் பணம் தராமல் இரண்டு லிட்டர் எண்ணெய் மட்டும் இலவசமாக அனுப்பி, அவர் அதைப் பற்றிப் பேசினாலும் அதுவும் விளம்பரத் தொடர்பே. இந்திய விளம்பரத் தர மன்றம் 2021இல் கொண்டுவந்த நெறிமுறையும், நடுவண் அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதலும் அதை வெளிப்படையாகக் குறிப்பிடச் சொல்கின்றன. குறிப்பு எளிதில் கண்ணில் படும்படியும், பேசும் மொழியிலேயே புரியும்படியும் இருக்க வேண்டும். தமிழில் பேசும் காணொளிக்கு "விளம்பரம்" என்ற சொல்லையே தொடக்கத்தில் போடச் சொல்லுங்கள். ஹேஷ்டேக் குவியலின் கடைசியில் ஒளித்துவைப்பது செல்லாது.

உணவுப் பொருள் விற்பவர் என்பதால் இன்னொன்று. இந்த எண்ணெய் சர்க்கரை நோயைக் குணமாக்கும், மூட்டுவலி தீரும் என்றெல்லாம் பின்னூட்டத்தில்கூட எழுதக் கூடாது. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018ஆம் ஆண்டு விளம்பர ஒழுங்குமுறைகளும், நோய் தீர்ப்பதாகக் கூறும் விளம்பரங்களுக்கு எதிரான 1954ஆம் ஆண்டுச் சட்டமும் அதற்குக் குறுக்கே நிற்கின்றன. வாடிக்கையாளர் ஒருவர் தானாக அப்படி எழுதினால், அதை எடுத்து உங்கள் பக்கத்தில் பகிர்ந்துகொள்வதும் வேண்டாம். பகிர்ந்துகொண்டால் அது உங்கள் கூற்றாகிவிடும்.


பதில் 4: வாடிக்கையாளர் சேவையில் இருப்பவர், கோவை

முந்தைய பதில்கள் எல்லாம் நீங்கள் போய்ப் பேசும் உரையாடலைப் பற்றியவை. உங்களைத் தேடி வரும் உரையாடலே பல நேரங்களில் பெரிய விளம்பரமாகவோ பெரிய சேதமாகவோ முடிகிறது.

சொமேட்டோ நிறுவனம் இதற்கு இரண்டு பக்கமும் எடுத்துக்காட்டு. 2019 ஜூலையில், எப்போதாவது வீட்டுச் சாப்பாடும் சாப்பிட வேண்டும் என்ற பொருளில் இந்தியில் அது ஒரு வரி எழுதியது. சாப்பாடு கொண்டுவந்து கொடுக்கும் நிறுவனமே அப்படிச் சொன்னதால் மக்கள் ரசித்தார்கள். உடனே வேறு பல பிராண்டுகள் அதே அச்சில் தங்கள் தொழிலுக்கு ஏற்ற வரிகளை வார்த்துப் போட்டன. கடைசியில் சொமேட்டோ, எப்போதாவது சொந்தமாகவும் யோசிக்க வேண்டும் என்று பதில் எழுதி முடித்தது. அந்த உரையாடலில் நினைவில் நின்றது தொடங்கியவர் பெயர்தான். பின்தொடர்ந்தவர்கள் கூட்டத்தோடு கரைந்துபோனார்கள். ஓடிக்கொண்டிருக்கும் மீமில் உங்கள் பாட்டிலையும் ஒட்டிப் போடலாமே என்று யாராவது சொன்னால் இதை நினைத்துக்கொள்ளுங்கள். நாட்டு நடப்பை ஒட்டிப் பேசுவதில் அமுல் இன்றும் முன்னால் நிற்கிறது என்றால், புள்ளிச் சட்டை போட்ட அந்தச் சிறுமியை வைத்து 1966இலிருந்து ஒரே குரலில் பேசிவருகிறது என்பதால்தான். அந்தக் குரலை ஒரு வாரத்தில் செய்துவிட முடியாது.

இனி மறுபக்கம். 2021 அக்டோபரில் தமிழ்நாட்டு வாடிக்கையாளர் ஒருவர், வராத உணவுக்குப் பணத்தைத் திரும்பக் கேட்டுச் சொமேட்டோவின் சாட்டில் பேசினார். எதிர்முனையில் இருந்த பணியாளர், இந்தி தேசிய மொழி, எல்லோருக்கும் கொஞ்சமாவது தெரிந்திருக்க வேண்டும் என்று எழுதிவிட்டார். வாடிக்கையாளர் அதைத் திரைப்பிடிப்பு எடுத்து ட்விட்டரில் போட்டார். சொமேட்டோவைப் புறக்கணிக்கச் சொல்லும் ஹேஷ்டேக் நாடு முழுதும் மேலே வந்தது. நிறுவனம் தமிழிலேயே வருத்தம் தெரிவித்து அறிக்கை வெளியிட்டது. கோயம்புத்தூரில் தமிழ் வாடிக்கையாளர் சேவை மையம் அமைத்துவருவதாகவும் அதில் சொன்னது. அதுவரை நன்றாகவே கையாண்டார்கள் என்பது என் எண்ணம். ஆனால் அன்றே, நீக்கப்பட்ட பணியாளரைத் திரும்பச் சேர்த்துக்கொள்வதாக அறிவித்த நிறுவனர், நாடு இன்னும் கொஞ்சம் சகிப்புத்தன்மையோடு இருக்க வேண்டும் என்ற பொருளில் எழுதினார். பணியாளரை மன்னித்தது நல்ல காரியம். அதோடு சேர்த்து, புண்பட்டவர்களுக்குப் புத்தி சொல்வதுபோல அமைந்ததால் கோபம் மறுபடி மூண்டது.

உங்கள் அளவில் இது எப்படி வரும் என்றால், பார்சலில் பாட்டில் உடைந்து எண்ணெய் ஒழுகிய படத்தோடு ஒருவர் குழுவில் எழுதுவார். அப்போது கூரியர்காரர் மேல் பழியைப் போட்டு எழுத வேண்டாம். "உங்களுக்கு எங்கள் பாட்டில் உடைந்து வந்தது தவறு. இன்று மாலைக்குள் வேறு பாட்டில் அனுப்புகிறோம், பணம் தர வேண்டியதில்லை" என்று அதே இடத்தில் எழுதி, அனுப்பியபின் அனுப்பிய விவரத்தையும் அங்கேயே போடுங்கள். அந்தப் பதிவைப் பார்த்துக்கொண்டிருக்கும் மற்றவர்களில் பலர் பார்சலில் வாங்கத் தயங்கிக்கொண்டிருப்பவர்கள். உடைந்தால் என்ன ஆகும் என்ற அவர்களுடைய அச்சத்துக்கு இதைவிட நல்ல பதிலை எந்த விளம்பரத்திலும் எழுத முடியாது. தனிச் செய்தியில் எழுதுவதையும், நாளை ஊரே படிக்கப்போகிறது என்ற எண்ணத்தோடுதான் எழுத வேண்டும்.


கேட்டவர்: செக்கடி வீடு, காங்கேயம்

இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு அனைவருக்கும் நன்றி. மூன்றாவது பதிலை அண்ணனிடம் படித்துக்காட்டினேன். அந்த நிறுவனத்துக்கு வேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்று அவரே சொல்லிவிட்டார். ஆனால் அவர் கேட்கும் ஒரு கேள்வி நியாயமானது. இணைப்பும் விலையும் போடாமல் பதில் எழுதிக்கொண்டே இருந்தால், அதனால் விற்பனை வந்ததா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? வாட்ஸ்அப்பையும் இதோடு எப்படிச் சேர்ப்பது என்று சொன்னால் நல்லது.


பதில் 5: விளம்பர எழுத்தாளர், சென்னை

அண்ணனின் கேள்வி முற்றிலும் சரியானது. பதிலையும் ஒளிக்காமல் சொல்கிறேன்: முழுமையாக அளக்க முடியாது. உங்கள் நுரைப் பதிலைப் படித்த ஒருவர் அதைத் தன் அக்காவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவார். அக்கா சில மாதம் கழித்து உங்கள் பெயரைத் தேடி வாங்குவார். அந்த வழி எந்தக் கணக்கிலும் பதிவாகாது.

ஆனாலும் ஓரளவு பிடித்துவிடலாம். புதிதாக ஆர்டர் தருகிற ஒவ்வொருவரிடமும், எங்களை எங்கே பார்த்தீர்கள் என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். சிறிய தொழிலுக்கு இதைவிட நம்பகமான கருவி இல்லை. விளம்பர நாளில் போடும் பதிவுகளுக்குக் குழுவுக்கு ஒரு தள்ளுபடிக் குறியீடு வைத்தால் எந்தக் குழுவிலிருந்து வந்தார்கள் என்பது தனியே தெரியும். விருப்பக் குறிகளின் எண்ணிக்கையைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் பதிலுக்குக் கீழே யாராவது மேற்கொண்டு கேள்வி கேட்டார்களா, வேறொரு பதிவில் உங்களைப் பெயர் சொல்லி அழைத்தார்களா, முதல்முறை வாங்கியவர் மறுமுறை வந்தாரா ஆகியவற்றைப் பாருங்கள். எண்ணெய் வீட்டில் தீர்ந்துபோக நேரம் எடுக்கும் பொருள் என்பதால், முதல் மாதக் கணக்கை வைத்து முடிவுக்கு வராதீர்கள்.

வாட்ஸ்அப்பைப் பொறுத்தவரை, இன்ஸ்டாகிராமுக்கு இப்போது செலவழிக்கும் பணத்தில் ஒரு பகுதியை, தட்டினால் நேரே வாட்ஸ்அப் உரையாடல் திறக்கும் விளம்பரத்துக்கு மாற்றிப் பாருங்கள். கேள்வி கேட்டபின் வாங்குகிற பொருள் உங்களுடையது. அந்த விளம்பரம் கேள்வி கேட்பதை எளிதாக்குகிறது. ஆனால் அங்கே எண்ணைத் தந்தவர்களை எல்லாம் அவர்களைக் கேட்காமல் ஒரு குழுவில் போட்டுக் காலை வணக்கம் அனுப்பத் தொடங்கிவிடாதீர்கள். அதற்குப் பதிலாக, ஒரே செய்தியை ஒவ்வொருவருக்கும் தனித்தனியே கொண்டுசேர்க்கும் பிராட்காஸ்ட் பட்டியலைப் பயன்படுத்துங்கள். ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம்; உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே அது போய்ச் சேரும். அந்தக் கட்டுப்பாடு உங்களுக்கு நன்மைதான், ஏனென்றால் உங்களை வேண்டும் என்று நினைப்பவர்கள் யார் என்பது அதிலேயே தெரிந்துவிடும். புதிய எள் வந்து ஆட்டத் தொடங்கியாயிற்று, விலை மாறியிருக்கிறது, ஊர்த் திருவிழாவுக்காக இன்னின்ன நாள் பார்சல் போகாது என்பன போன்ற, வாங்குகிறவருக்கு உண்மையிலேயே தேவைப்படும் செய்தி இருக்கும்போது மட்டும் அனுப்புங்கள்.

பதில் எழுதும் பொறுப்பை ஒருவரிடமே கொடுங்கள். அப்பா சொல்ல நீங்கள் எழுதினால் மிகவும் நல்லது. அவர் பேசும் சொற்களையே கூடியவரை வைத்துக்கொள்ளுங்கள். குழுக்களை மாலையில் ஒரு மணி நேரம் மட்டும் பார்ப்பது என்று வைத்துக்கொண்டால் செக்கு வேலையும் கெடாது. வாட்ஸ்அப் பிசினஸ் செயலிக்குத் தனியாக ஒரு எண் வாங்கிவிடுங்கள், ஏனென்றால் தனிப்பட்ட வாட்ஸ்அப்பில் ஏற்கெனவே இருக்கும் எண்ணை ஒரே நேரத்தில் இரண்டு செயலியிலும் வைத்திருக்க முடியாது. பாட்டிலில் ஒட்டும் லேபிளிலும் அந்தப் புதிய எண்ணையே அச்சடியுங்கள்.